அவள் கத்தவில்லை என்று எழுதினேன்

எங்கள் ஸ்டேஷனில் இருந்த ரைட்டரம்மாவுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். புகார் கொடுக்க வருகிறவர்கள் சொல்வதை வாக்குமூலமாக எழுதுவது அவருடைய வேலை. எந்தப் பெண் வந்து எதைச் சொன்னாலும், எழுதி முடிக்கும்போது அதில் இரண்டு வரிகள் தாமாக வந்து உட்கார்ந்திருக்கும். நான் கூச்சலிட்டேன். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தினர் ஓடி வந்தனர். சவுக்குத் தோப்பின் நடுவில், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வீடும் இல்லாத இடத்தில் நடந்த சம்பவமாக இருந்தாலும் அக்கம்பக்கத்தினர் ஓடி வந்துவிடுவார்கள். இவர்கள் எங்கிருந்தம்மா வந்தார்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"கோர்ட்டுக்கு அது வேணும் மேடம். அது இல்லாட்டி இவளும் ஒத்துக்கினுதான் இருந்தான்னு வக்கீலு கொடஞ்சி எடுத்துடுவான்" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. வந்தவள் மேல் பாவப்பட்டு, கையில் ஒரு கம்பு கொடுத்து அனுப்புவதாக நினைத்தார். எனக்கு அந்த வரிகளைப் பார்த்தாலே எரிச்சல் வரும். கோர்ட்டில் அந்தக் கம்பைப் பிடுங்கி அவளையே அடிப்பார்கள். கத்தாதவள் கத்தினேன் என்று ஒரு இடத்தில் சொல்லிவிட்டால், பிறகு அவள் சொல்லும் உண்மைகளும் சந்தேகத்தில் விழுந்துவிடும்.

நான் அப்போது கடற்கரைப் பக்கத்து மகளிர் காவல் நிலையம் ஒன்றில் இன்ஸ்பெக்டர். மகளிர் ஸ்டேஷன் என்றால் பெண் பக்கம்தான் பேசுவார்கள் என்று ஆண்கள் நினைப்பார்கள். காக்கி போட்டவள் எப்படியும் ஆண் பக்கம்தான் சாய்வாள் என்று பெண்கள் நினைப்பார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, நடந்தது என்ன என்று மட்டும் கேட்கிறவளை யாருக்கும் பிடிக்காது. வேலை முடிந்து படூரில் என் ஃபிளாட்டுக்கு வந்தால் அங்கேயும் நான் தனிதான். கல்யாணம் ஆனது, முடிந்தும் போனது, அதற்கு இங்கே இடமில்லை. லிஃப்டில் என்னைப் பார்த்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். எதிர்வீட்டு அம்மாள் மட்டும், "ட்யூட்டியா?" என்று கேட்பார். "ஆமாங்க" என்பேன். பல நாட்கள் சொந்த விஷயமாக நான் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

அந்த வழக்கு ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வந்தது. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். புருஷன் கடலுக்குப் போகிறவன். இவள் கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்கிறவள். ஏலம் விடும் வியாபாரி, ஐஸ் கட்டி தருகிறேன் வா என்று தன் ஐஸ் கொட்டகைக்குக் கூப்பிட்டு அவளிடம் தவறாக நடந்துவிட்டான். தவறாக நடந்துவிட்டான் என்பதும் எங்கள் ஸ்டேஷன் பாஷைதான். அவன் செய்தது பாலியல் வன்கொடுமை.

அந்தக் குப்பத்தில் எந்தத் தகராறும் முதலில் ஊர்க் கூட்டத்துக்குத்தான் போக வேண்டும். ஊரைக் கேட்காமல் போலீசுக்குப் போனால் ஊரை மதிக்கவில்லை என்று அர்த்தம். அதனால் அவள் வீட்டார் கூட்டத்துக்குக் காத்திருந்தார்கள். கூட்டம் கூடி, அவன் எல்லோர் முன்னாலும் மன்னிப்பு கேட்கட்டும், இதோடு விடுங்கள் என்றது. அவன் கேட்டான். காலில் விழுந்துகூடக் கேட்டானாம். அவள் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. அதைப் பார்த்த அவளுடைய அண்ணன்தான் ஸ்டேஷனுக்கு வந்தான்.

கடைத்தெருவில் டைப் அடித்த புகாரை என் மேஜையில் வைத்தான். அதில் இரண்டு பேர் மேல் குற்றச்சாட்டு இருந்தது. வியாபாரி ஒருவன், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதாக அவனுடைய தம்பி ஒருவன். நான் கூச்சலிட்டேன், அக்கம்பக்கத்தினர் ஓடி வந்தனர் என்ற வரிகளும் இருந்தன. ரைட்டரம்மா எழுதாமலே அவை எப்படி வந்தன என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அது மனப்பாடம் போலிருக்கிறது.

அந்தப் பெண்ணை ஸ்டேஷனில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அவள் பேசவில்லை. வெளியே ஜீப் கதவு சாத்துகிற ஓசைக்கெல்லாம் தோள் தூக்கிப் போட்டது. நான் கேள்வியை நிறுத்திவிட்டு, "எங்க உக்காந்தா உனக்குப் பேச வரும்மா?" என்று கேட்டேன். அப்படி யாராவது கேட்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"எங்க அக்கா வூட்டு மாடில" என்றாள்.

அக்கா வீடு மாமல்லபுரத்தில், சிலை செய்யும் பட்டறைகளுக்குப் பின்னால். மறுநாள் யூனிஃபார்மைக் கழற்றி வைத்துவிட்டு, சாதாரணப் புடவையில் ரைட்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மாடிச் சுவரில் சாய்ந்து, படிக்கட்டைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்தாள். யார் ஏறி வந்தாலும் அவளுக்குத் தெரியும். கீழே பட்டறையில் மெஷின் போட்டுக் கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். காது கிழியும் சத்தம். காய்ந்துகொண்டிருந்த துணியெல்லாம் வெள்ளைத் தூசி. இந்த இடத்தை ஏன் கேட்டாள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் பேச ஆரம்பித்ததும் விளங்கியது. மெஷின் ஓடும்போது மட்டும் பேசினாள். அவளுடைய குரல் கீழ்வீட்டுக்கோ பக்கத்து மாடிக்கோ போகாது. ஏன், அவளுடைய காதுக்கே சரியாகப் போகாது. மெஷின் நின்றால் பாதி வார்த்தையில் நிறுத்திவிடுவாள்.

செல்போனில் பதிவு செய்யலாம் என்கிறது சட்டம். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் பதிவு செய்தேன். பிறகு போட்டுக் கேட்டால் கல் அறுக்கிற சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. அதனால் அவளுக்கு மிக அருகில், அவள் தள்ளி உட்காரச் சொல்லாத தூரத்தில் உட்கார்ந்து, நானே கையால் எழுதினேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ரைட்டரம்மா பார்த்துப் பார்த்து நொந்துகொண்டார்.

அவள் வரிசையாகச் சொல்லவில்லை. முதலில் தரை சில்லென்று இருந்ததைச் சொன்னாள். அப்புறம் கூட்டத்தில் அவன் தன் காலில் விழுந்ததைச் சொன்னாள். திரும்பக் கொட்டகைக்குள் போனாள். "கொயாய்ல தண்ணி சொட்டிகினே இருந்துச்சு மேடம். நான் அத்தயே பாத்துகினு இருந்தேன்" என்றாள். எத்தனை மணி இருக்கும் என்று ரைட்டரம்மா வாயெடுத்தார். நான் அவர் முழங்காலைத் தொட்டு நிறுத்தினேன். இப்படி வருகிறவர்களுக்கு மணி ஞாபகம் இருக்காது, சொட்டின தண்ணீர் ஞாபகம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வரிசையாக, மணி தவறாமல், மூச்சு விடாமல் ஒப்பிக்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

"நீ கத்துனல்ல?" என்று ரைட்டரம்மா கேட்டேவிட்டார். பழக்கம் விடுமா!

நான் வேறு மாதிரி கேட்டேன். "அந்த நேரத்துல உன் ஒடம்பு எப்படி இருந்துச்சுன்னு ஏதாவது ஞாபகம் இருக்காம்மா? இல்லன்னாலும் பரவால்ல."

"வாயத் தொறந்தேன் மேடம். சத்தம் வர்ல. கையி காலு எதுவும் என்னுது இல்லாத மாரி ஆயிடுச்சு."

அப்படியே எழுதிக்கொண்டேன். அங்கே வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்டேன். யார் பெயரையும் நான் சொல்லவில்லை. "யாரும் இல்ல. அவன் மட்டுந்தான்" என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன்.

சாப்பாட்டு வேளைக்கு மெஷின் நின்றது. கீழே டிபன் பாக்ஸ் திறந்து சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. அவள் வாயை மூடிக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் தூசி படிந்த துணிகளுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருந்தோம். திடீரென்று, மெதுவாக, அவள் கேட்டாள். மெஷின் நின்ற நேரத்தில் அவள் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

"கத்துனேன்னு எழுதுனாத்தான மேடம் நம்புவாங்க?"

நான் உன்னை நம்புகிறேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. விசாரணை பாதியில் இருக்கிறது. இன்னொரு பக்கத்தை நான் இன்னும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னால் ஒருவரிடம் நம்புகிறேன் என்று சொல்லிவிட்டால், அப்புறம் நான் தேடுவதெல்லாம் என் வார்த்தையைக் காப்பாற்றத்தான் இருக்கும்.

"நீ சொன்னத நீ சொன்ன மாதிரியே எழுதறேன்மா. அது உன் ஞாபகம். எந்தக் கோர்ட்ல எப்ப கேட்டாலும் நீ யோசிக்காம சொல்லலாம்" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது அது இல்லை என்று எனக்குத் தெரியும். அக்காக்காரி கலர் பாட்டில் கொண்டுவந்து நீட்டினாள். இந்தப் பக்கம் வீட்டுக்கு வந்தவர்கள் ஒன்றும் குடிக்காமல் போனால் பகை என்று அர்த்தம். விசாரணை நடக்கும் எந்த வீட்டிலும் நான் ஒன்றும் குடிப்பதில்லை. வேண்டாம் என்றேன். அக்காக்காரி முகம் சுண்டிப்போனது.

வியாபாரியைக் கைது செய்து கொண்டுவந்தபோது அவன் சொன்னதையும் அதே பொறுமையோடு கேட்டேன். அவளே வலிய வந்தாள், கேட்ட பணம் தராததால் பழி போடுகிறாள் என்றான். அப்புறம் அதையும் மாற்றி, அன்று ஏலம் முடியும்வரை கரையிலேயே இருந்தேன், கொட்டகைப் பக்கமே போகவில்லை என்றான். எனக்குக் கை துறுதுறுவென்று இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனாலும் குறுக்கே பேசாமல், அவன் சொன்னபடியே எழுத வைத்தேன். "அவன் கதைய எதுக்கு மேடம் இவ்ளோ நேரம் கேட்டீங்க?" என்று ரைட்டரம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து மதியம் அவர் எனக்காகக் காத்திராமல் சாப்பிட ஆரம்பித்தார்.

தம்பிக்காரன் விஷயம் பாக்கி இருந்தது. அவள் அவன் பெயரைச் சொல்லாததாலேயே அவன் அங்கே இல்லை என்று ஆகிவிடாது. பயத்தில் விட்டிருக்கலாம். விசாரித்தேன். அன்று அவன் மனைவிக்குப் பிரசவம். செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் வார்டு வாசலில் பொழுது முழுக்க உட்கார்ந்திருக்கிறான். அங்கே வேலை பார்ப்பவர்கள் சொன்னார்கள். கேமராவிலும் இருந்தான், பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்தபடி. அவன் அந்தக் கொட்டகையில் இல்லவே இல்லை. வழக்கிலிருந்து அவன் பெயரை எடுத்தேன்.

மறுநாளே அவளுடைய அண்ணன் ஸ்டேஷன் வாசலில் நின்று கத்தினான்.

"இன்னா மேடம் இது? ரெண்டு பேரு உள்ள இருந்தாத்தான கேசு கெட்டியா நிக்கும்? நீங்களே ஒருத்தன அவுத்து வுட்டுட்டீங்க. அந்தப் பக்கம் சாஞ்சிட்டீங்க, அதான?"

"அவன் அங்க இல்லப்பா."

"இல்லன்னா இன்னா? வல அறுத்தான்ல போன வருசம்? அவனும் யோக்கியன் கெடயாது!"

வலை அறுத்த தகராறைத் தங்கச்சியின் வழக்கில் தீர்த்துக்கொள்ளப் பார்த்திருக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனையும் பிடித்து உள்ளே வைத்திருப்பேன். ஆனால் அவன் கண்கள் சிவந்திருந்தன, தூங்கியே பல நாள் ஆனவன் போல இருந்தான். தங்கைக்கு நடந்தது மட்டும் போதாது, அதற்கு முட்டுக் கொடுத்தால்தான் உலகம் கண்ணெடுத்துப் பார்க்கும் என்று அவனும் நம்பினான். ரைட்டரம்மாவும் அதையேதான் நம்பினார். வீட்டுக்குப் போய்த் தூங்கு என்று சொல்லி அனுப்பினேன்.

குப்பத்துக்கு ஜீப்பில் போனால் ஒரு முகம் திரும்பாது. வியாபாரி வீட்டில் என்னைச் சாபம் விட்டார்கள். அவள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஊரைக் கேட்காமல் போலீசுக்குப் போனதற்காக அவளை ஏலத்தில் நிற்கவிடவில்லை. அவள் தூரத்தில் வேறு கரைக்குப் போய் மீன் எடுக்க வேண்டியிருந்தது. அவன் ஏலம் முடியும்வரை இருந்தானா இல்லையா என்று கேட்டால், பார்க்கவில்லை, தெரியாது, நான் அன்று வரவில்லை என்று வாய் வாயாக ஒரே பதில். ஒருவராவது பேசாவிட்டால் அவளுடைய வார்த்தைக்கு எதிராக அவனுடைய வார்த்தை என்றுதான் கோர்ட்டில் நிற்கும். அவள் கத்தவுமில்லை. நாளும் தள்ளிப் புகார் கொடுத்திருக்கிறாள். வழக்கு என் கையில் மணல் போலச் சரிந்துகொண்டிருந்தது. பேசக்கூட ஆளில்லாமல் படூரில் ஃபிளாட்டில் நடந்துகொண்டே இருப்பேன். ஒருமுறை, கத்தினாள் என்று எழுதியிருக்கலாமோ என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

பிறகு ஒரு காலை, ஏலத்தில் தினமும் மீன் எடுக்கும் ஒரு அம்மாள் ஸ்டேஷனுக்குத் தானாக வந்தார். அவள் வீட்டுக்குச் சொந்தமில்லை, வியாபாரிக்கும் பகையில்லை. கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னார்.

"அன்னிக்கு அவன் பாதி ஏலத்துலயே எய்ந்து போய்ட்டான். மிச்சத்த அவன் மச்சான்தான் வுட்டான். நான் பாத்தேன். எங்க வேணா சொல்றேன்."

"இத்தன நாளு ஏன்மா சொல்லல?"

"எல்லாரையும் வாரிப் போட்டுகினு போவீங்கன்னு நெனச்சோம். அங்க இல்லாதவன நீங்க வுட்டுட்டீங்களே. அதான்."

அந்த அம்மாளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து சொன்னார்கள். எதைச் செய்ததற்காக அவளுடைய அண்ணன் என்னைத் திட்டினானோ, அதனால்தான் ஊர் வாய் திறந்தது. இதை அவளிடம் போய்ச் சொல்ல ஆசையாக இருந்தது. சாட்சி சொன்னதை இன்னொரு சாட்சியிடம் சொல்லக் கூடாது. விழுங்கிக்கொண்டேன்.

செங்கல்பட்டு கோர்ட்டில் வழக்கு விசாரணைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வழக்குக் கட்டைப் படித்த அரசு வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "புகார்ல கத்துனேன்னு இருக்கு, நீங்க எழுதுனதுல கத்தலைன்னு இருக்கு. அவுங்க வக்கீல் இத விடுவாராம்மா? பேசாம ரெண்டையும் ஒரே மாதிரி போட்டிருக்கக் கூடாதா?" என்றார். போட்டிருக்கக் கூடாது சார் என்றேன். அவர் அதற்கப்புறம் என்னோடு வழக்குக்கு வேண்டியதை மட்டும் பேசினார்.

அவள் சாட்சி சொன்ன நாளில் அறைக் கதவைச் சாத்திவிட்டார்கள். நானும் ஒரு சாட்சி என்பதால் உள்ளே இருக்க முடியாது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ப் பெஞ்சில் அவளுடைய அண்ணன். ஒருவரை ஒருவர் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரயில் வந்து போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே என்ன நடந்தது என்று பிறகு அரசு வக்கீல்தான் சொன்னார்.

எதிர்பார்த்தபடி வியாபாரியின் வக்கீல் புகாரை எடுத்துக் காட்டினாராம். கத்தியதாக எழுதியிருக்கிறதே என்றாராம். "அது எங்க அண்ணன் டைப்பு அடிச்சது சார். நான் கத்தல" என்றிருக்கிறாள். ஏன் கத்தவில்லை, இஷ்டப்பட்டுத்தானே இருந்தாய் என்று அவர் மேலே மேலே போயிருக்கிறார். நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொன்னாராம். அப்புறம் சொல்லியிருக்கிறாள்:

"வாயத் தொறந்தேன், சத்தம் வர்ல. இப்பகூட உங்க எதுர்ல வர்ல சார். இஸ்துகினுதான் பேசறேன்."

மாடியில் என்னிடம் சொன்னதும் அதுதான், அடுத்து மாஜிஸ்திரேட் முன்னால் கொடுத்த வாக்குமூலத்தில் சொன்னதும் அதுதான். ஒரு சொல் மாறவில்லை. ஏலத்து அம்மாளும் வந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போனார். அவனுக்குத் தண்டனை கிடைத்தது. தனக்குப் பாதகமானதையும் மறைக்காமல் சொன்னவள் என்று தீர்ப்பில் அவளைப் பற்றி ஒரு வரி இருந்தது. படித்ததும் எனக்குக் கண் கலங்கியது. தீர்ப்பு நாளில் கூட்டத்தில் அவளைத் தேடினேன். ஒரு பார்வை போதும் என்று இருந்தது. அவள் அக்காவோடு வேறு படி வழியாக இறங்கிப் போய்விட்டாள்.

அதற்குள் எனக்கு மாற்றல் வந்திருந்தது, செங்கல்பட்டில் ஆபீஸ் வேலை. ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறி மாமல்லபுரம் போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் அவள் கூடை வைத்து உட்கார்ந்திருந்தாள். யாரோடோ பேரம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். உடம்பு தேறியிருந்தது. எனக்கு மனசு நிறைந்துபோனது. இனி வழக்கு இல்லை, சாட்சி இல்லை, நான் யாருக்கும் நடுவில் நிற்க வேண்டியதில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இன்றைக்குச் சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன்.

என்னைப் பார்த்ததும் மீன் வெட்டிக்கொண்டிருந்த கை நின்றது. வாங்க வந்தவர் போகும்வரை தலை நிமிரவில்லை. அப்புறம் சொன்னாள்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க நல்லவங்கதான். ஆனா உங்கள பாத்தா எனக்கு அந்தக் கொட்டாயிதான் தெர்து. இந்தப் பக்கம் வராதீங்க மேடம்."

"சரிம்மா" என்றேன்.

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. என் மனசு நோகுமே என்று பார்த்து அதில் ஒன்றையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. உன்னை நான் நம்புகிறேன் என்று சொல்ல வந்தவள், சொல்லாமலே திரும்பிப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பஸ் ஈ.சி.ஆர் சாலையில் கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்து சீட்டுக்காரப் பெண் ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்போது மீன் வேண்டுமென்றால் கோவளத்துக்குப் போகிறேன்.